லிங்கராஜபுரம் மேம்பாலத்தில் முதல் கியர்

ஏற்றத்தில் நெரிசல் நகர்ந்தது.
நான் நகரவில்லை.
முதல் கியர் விழ மறுத்தது.

பின்னால் பி.எம்.டி.சி. பஸ்.
அந்த ஹார்னுக்கு இரக்கம் கிடையாது.
கிளட்சைத் தரைவரை மிதித்துக் குச்சியைத் தள்ள
தேய்ந்த மூட்டில் எலும்பும் எலும்பும் உரசுவது போல
கரகரவென்று ஒரு சத்தம்.
பிறகு, போனால் போகிறதென்று விழுந்தது.

இந்த ஜென்னுக்கு இருபத்தோரு வயது.
எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியது.
கடைசியாக விற்றவர் ஆயிரம் குறைத்து
டிக்கியில் ஒரு குடையையும் விட்டுப் போனார்.
ஆர்.சி. புதுப்பித்த ரசீது
டேஷ்போர்டில் இன்னும் மடிப்புக் கலையாமல்.

ஹெண்ணூர் ரோட்டில் அஃப்ரோஸ்
போனட்டைத் திறக்கவேயில்லை.
சாவியை வாங்கித் தெருமுனை வரை போய்த் திரும்பி
"கியர்பாக்ஸ் எறக்கணும் மேடம். பதினெட்டு ஆகும்" என்றார்.
பெரிய தொகைகளில்
ஆயிரம் என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை.

ஏழாம் தேதிவரை என்னிடம் இருப்பது
இரண்டாயிரத்து முந்நூறு.
வர வேண்டியது: நாலு முழங்கால், ஒரு தோள்பட்டை,
காக்ஸ் டவுன் தேவசகாயம் சாரின்
இன்னும் பென்சில் பிடிக்காத வலது கை.
வீடு வீடாகப் போகிற பிசியோதெரபிஸ்ட் நான்.
அல்ட்ராசவுண்ட் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு
எத்தனை ஆட்டோ ஏறுவது?

ராத்திரி வண்டிக்கு அடியில்
ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை விரித்துவிட்டுப் படுத்தேன்.
காலையில், மணமகள் தேவை விளம்பரத்தின் மேல்
ஒரே ஒரு கறுப்புச் சொட்டு.
விரலில் தொட்டு முகர்ந்தேன். என்ஜின் ஆயில்.
கியர் ஆயிலாக இருந்தால்
அழுகிய பூண்டு நாறும் என்பார்கள்.
நாறவில்லை.
நிம்மதியா என்று கேட்டால், தெரியாது.

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது.
முதல் வருடப் பாடம்.
நோயாளியே காலை மடக்கட்டும்.
வலிக்கிறதென்றால், நீ மடக்கிப் பார்.
நீ மடக்கும்போது வலிக்காவிட்டால்
மூட்டின் மேல் பழி போடாதே.
இழுக்கிற நாரைப் பார்.

நுரை வாயோடு கீழே ஓடி
என்ஜினைப் போடாமலே உட்கார்ந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்துகூட. ரிவர்ஸ்.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினாற்போல.
மாடியிலிருந்து புட்டஸ்வாமி எட்டிப் பார்த்தார்.
ஓடாத காரில் ஒருத்தி கியர் மாற்றிக்கொண்டிருக்கிறாள்,
வாடகை வேறு பாக்கி.

என்ஜின் ஓடும்போது மட்டும்தான் வீம்பு.
அப்படியானால் கிளட்ச் முழுசாய் விடவில்லை.
பெடலிலிருந்து போகிற கேபிள் இழுபட்டுப் போயிருக்கிறது.

அஃப்ரோஸ் கேட்டுக்கொண்டு நின்றார்.
"மேடம், நீங்க கால் பாக்கறவங்கதானே?"
"இதுவும் கால்தான்."
கொஞ்ச நேரம் சிகரெட்டைப் பார்த்தார்.
"போட்டுப் பாக்கலாம். சரியாகலேன்னா எறக்கறதுதான்."

ஜே.சி. ரோட்டிலிருந்து கேபிள் நானூற்றெண்பது.
கூலி முந்நூறு.
கழற்றிய பழையதில், முனைக்குச் சற்று முன்னால்,
இழைகள் அறுந்து முள்ளாய் நின்றன.
நாலே இழை மிச்சம்.
அந்த நாலு இழையில்தான்
இத்தனை நாள் பாலம் ஏறியிருக்கிறேன்.
அதைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்,
பில்லுக்குப் பதிலாக.

ஓட்டிப் பார்த்தோம். அவர் பக்கத்து ஸீட்டில்.
முதல் கியர் கேட்டவுடன் விழுந்தது.
மூன்றாவதில், கால் எடுத்த பிறகு,
மெல்லிசாக ஒரு முனகல்.
கொசு போல. தூரத்து மாவு மில் போல.
அவருக்கும் கேட்டது என்று எனக்குத் தெரியும்.
அவர் ஜன்னல் பக்கம் திரும்பி
யாரோ கட்டும் வீட்டைப் பார்த்தார்.

தேவசகாயம் சார் வீட்டு வாசலில் நிறுத்தி
நோயாளிகள் நோட்டைத் திறந்தேன். கடைசிப் பக்கம்.
ஜென். இருபத்தோரு வயது.
மூன்றாவதில் முனகல் உண்டு. பேரிங்காக இருக்கலாம்.
வலி: தெரியவில்லை.
மறுபடி பார்க்க வேண்டிய நாள்:

பேனாவை மூடிவிட்டு
மெஷினைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.